கடப்பாரை வருவதற்கு முன்

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. ஆனால் செலவு தொடங்கிவிட்டது. இதைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். "பொறியாளருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு குளியலறையே கட்டியிருக்கலாமே, அண்ணி" என்கிறார் என் கொழுந்தனார். அவர் சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அவருக்குச் சுவர் என்பது டிரில் இல்லாமல் ஆணி இறங்காத ஒரு பொருள், அவ்வளவுதான். நாங்கள் இருப்பது கோயம்புத்தூர் ராஜவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். இங்கே ஆணி அடித்தால் சுண்ணாம்பும் மண்ணும் உள்ளங்கை நிறைய உதிரும். ஆணி நிற்குமா நிற்காதா என்பது அந்தச் சுவரை எந்தத் தலைமுறை கட்டியது என்பதைப் பொறுத்தது.

வெளிச்சுவர்களை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்து, ஒயர், குழாய், தரை, கழிவறை, சமையலறை என்று அத்தனையையும் புதிதாக்கப் போகிறோம். பதினெட்டு அடி அகலமும் எண்பது அடி நீளமும் உள்ள வீடு. முன்னால் திண்ணை, அதைத் தாண்டி ஆசாரம் என்கிற கூடம், நடுவில் வானம் தெரிகிற தொட்டி, பின்னால் சமையலறை, கடைசியில் பொடக்காலி என்கிற கொல்லைப்புறமும் கிணறும். நான் ஒரு பம்ப்செட் பட்டறையில் கணக்குப் பார்க்கிறவள். இருப்பு எடுக்காமல் வருடக் கணக்கை முடிக்க என் கை வராது. அதே புத்தியோடு வீட்டுக்கும் ஒரு நீளமான நோட்டுப் போட்டு, ஒவ்வொரு அறையாக இருப்பு எடுத்தேன்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்கள்: "மொத்தமாக இடித்துவிட்டுக் கட்டிவிடலாம் அக்கா. அதுதான் சுலபம்." அவர்களுக்குச் சுலபம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் மனையாக்கிவிட்டால், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, தெருவின் அகலத்தையும் மனையின் அளவையும் பார்த்து விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் புதுக் கட்டிடத்தை எழுப்ப முடியும். பதினெட்டு அடி அகலத்தில் அப்படி விட்டுக்கொண்டே போனால் மிஞ்சுவதில் கட்டில் போடலாம். கட்டிலைச் சுற்றி நடக்க முடியாது. திண்ணையும் போய்விடும். அதனால் வீடு நிற்கட்டும், உள்ளே வேலை நடக்கட்டும் என்று முடிவெடுத்தோம். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்து மாநகராட்சியில் கேட்டோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நாத்தனார் உட்பட எல்லோருடைய கையெழுத்தும் முன்பே சரியாக இருந்ததால் அந்தப் பக்கம் அலைச்சல் குறைவு. அது சரியாக இல்லாதவர்கள் ஒப்பந்தக்காரரைத் தேடுவதற்கு முன்னால் வக்கீலைத் தேடுவது நல்லது.

பொறியாளர் வயதானவர். பேச்சு குறைவு, சுத்தியலின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பதே அதிகம். பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருந்தால் பொள்ளலாகச் சத்தம் வரும். அப்படிச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு இங்கே ஒரு சாண், அங்கே ஒரு சாண் என்று பூச்சைச் சதுரமாகக் கொத்தி எடுத்து உள்ளே பார்த்தார். சுவரோரத்தில் மூன்றடிக்குக் குழி தோண்டி அஸ்திவாரத்தையும் பார்த்தார். இந்தக் கொத்தலுக்கும் தோண்டலுக்கும்தான் கொழுந்தனார் சொன்ன அந்தப் பணம்.

இந்த வீடு ஒரே காலத்தில் கட்டியதல்ல. முன்பக்கம் நீலகிரியில் இருக்கிற பைக்காராவின் நீர் மின்சாரம் ஊருக்கு வருவதற்கு முன்னால் எழுந்தது. அதனால்தான் அங்கே எல்லாச் சுவரிலும் விளக்கு மாடம் இருக்கிறது. ஒயர் எல்லாம் பிறகு வந்து சுவருக்கு மேலே மரச்சட்டத்தில் ஓடுகிறது. சிறுவாணித் தண்ணீர் 1930-ஐ ஒட்டித்தான் கோவைக்கு வந்தது. எனவே முன்பக்கத்துக் குழாயும் கட்டிடத்துக்குப் பிந்தியது. அதை உள்ளே விடுவதற்காகச் சுவரில் போட்ட ஓட்டையை யாரும் ஒழுங்காக அடைக்கவில்லை. மதுக்கரைச் சிமெண்டு ஆலை 1930-களில் வந்தது. அதற்கு முந்திய சுவர் சுண்ணாம்பு, பிந்தியது சிமெண்டு என்று எங்கள் வீட்டில் ஏறத்தாழக் கோடு கிழித்துவிடலாம். பின்கட்டு 1960-களில் மாமனாரின் அப்பா போட்ட கான்கிரீட் தளம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தார்சு வீடு என்றால் ஒரு மிடுக்கு. என் மாமியார், அதாவது அத்தை, இன்னமும் அந்த மிடுக்கோடுதான் சொல்வார்: "பின்னால் இருப்பது தார்சு, அதைத் தொடாதீர்கள். முன்னால் இருக்கிற பழசை வேண்டுமானால் தட்டுங்கள்."

எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். பொறியாளர் அதைத் தலைகீழாக்கினார்.

முன்பக்கத்துக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். அந்தக் கட்டைகளில் நோய் பார்க்க வேண்டிய இடம் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் நுழைகிற முனை. ஈரம் தங்குவது அங்கேதான். கரையான் வந்தாலும் அந்த வழியாகத்தான். பொறியாளர் ஏணியில் ஏறி ஒவ்வொரு முனையிலும் குத்தூசியை அழுத்தினார். பெரும்பாலானவற்றில் ஊசி இறங்கவே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில், தூம்பு ஒழுகுகிற மூலையில் இருந்த சில முனைகள் மட்டும் ஊசியை உள்ளே வாங்கின.

பின்கட்டில் கதையே வேறு. சமையலறைத் தளத்தின் அடியில் வெள்ளையடித்து வெள்ளையடித்து மறைத்திருந்த விரிசலைக் கொத்தியபோது, கம்பி இருக்க வேண்டிய இடத்திலிருந்து துரு ஏடு ஏடாக வந்தது. இரும்பு துருவாக மாறினால் பல மடங்கு பருக்கும். பருத்து, தன்னை மூடியிருக்கிற கான்கிரீட்டைத் தானே பிளக்கும். பிளந்த வழியே இன்னும் ஈரம் போகும். "எந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தார்கள்?" என்று பொறியாளர் கேட்டார். வேறு எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர். கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: குடிக்கச் சிறுவாணி, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். அந்த உப்பு கம்பிக்கு ஆகாது. அத்தை பெருமைப்பட்ட தார்சு அடியிலிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. அவர் தட்டச் சொன்ன பழைய கூரை இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். கொத்திப் பார்க்காமல் ஆரம்பித்திருந்தால், நன்றாக இருப்பதை இடித்துவிட்டுக் கெட்டதற்கு மார்பிள் பதித்திருப்போம். கொழுந்தனாருக்கு இதைச் சொன்னேன். "சரி அண்ணி, அந்தப் பொறியாளர் நம்பர் கொடுங்கள்" என்றார்.

முன் ஆசாரத்துச் சுவரில் ஈரம் ஏறுகிற விவகாரமும் அப்படித்தான். இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது என்று பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கொத்தனார் அந்த உயரத்துக்குச் சிமெண்டு பூசிக் கொடுத்தார். பழைய சுவர் மண் சாந்தில் கட்டி, சுண்ணாம்பு பூசியது. தரையிலிருந்து உறிஞ்சுகிற ஈரத்தைச் சுண்ணாம்பு வழியே காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டை அப்பினால் அந்த வழி அடைபடும். ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறித்தான் வெளியேறும். இப்போது உப்பு இடுப்பில் இல்லை, என் தோள் உயரத்தில் பூத்திருக்கிறது. ஆகவே அந்தச் சிமெண்டுப் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசப் போகிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடியதில், வீடு கட்டுகிறவர்களிடம் கிடைக்கவில்லை. கோயில் திருப்பணிக்குப் போகிறவர்களிடம் கிடைத்தார்கள். அவர்கள் கேட்ட முதல் விஷயம் கூலி அல்ல, இடம். சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்கப் பொடக்காலியில் ஒரு தொட்டி வேண்டுமாம். ஊறட்டும் என்றால் ஊறத்தான் வேண்டும். அவசரப்படுத்தினால் நீறாத குருணை பூச்சுக்குள் இருந்து பிறகு பொரிந்து தெறிக்கும். கடுக்காய், வெல்லம் எல்லாம் அவர்கள் கணக்கு. நான் தலையிடவில்லை.

அடுத்தது பொதுச் சுவர். பழைய நகரத்தில் வீட்டு வேலை எடுக்கிற எவருக்கும் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது என்பேன். வடபக்கத்துச் சுவர் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொது. அவர்கள் கட்டையின் முனை எங்கள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது, எங்களுடையது அவர்கள் பக்கம். அந்த வீட்டில் கீழே நகைப் பட்டறை. பட்டறைக்காரருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கே தங்கத்தை அரம் போடுகிறார்கள், உருக்குகிறார்கள். நாங்கள் வேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லப் போனபோது, சத்தத்தைப் பற்றியும் விரிசலைப் பற்றியும் பேச்சு வரும் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் இரண்டையும் கேட்கவில்லை. தூசியைப் பற்றிக் கேட்டார்.

நகைப் பட்டறையில் தூசி குப்பையில்லை. தரையைக் கூட்டி அள்ளுவதையும், கை கழுவின தண்ணீரின் அடிமண்டியையும் சேர்த்துவைத்து, அதிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிறவர்களிடம் விற்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் பக்கத்துச் சுவர்ப் பூச்சு இத்தனை வருடத் தங்கத்தூளைக் குடித்திருக்கிறது. எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் தட்டி, அந்தப் பக்கம் பூச்சு உதிர்ந்தால் அது அவருடைய சொத்து. எங்கள் சித்தாள் அதைக் கூடையில் அள்ளக் கூடாது. நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் பக்கம் அவரே துணி விரித்துக்கொள்வார்; விழுவது அவருக்கு. எங்கள் பக்கம் விழுவது எங்களுக்கு. எங்கள் பக்கம் வெறும் சுண்ணாம்புதான். நானும் ஒரு பிடி எடுத்து வெயிலில் பார்த்தேன்.

பதிலுக்கு நாங்கள் கேட்டதற்கும் அவர் சம்மதித்தார். இரண்டு பக்கமும் ஏற்கனவே இருக்கிற விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்தோம். பெரிய விரிசல்களின் குறுக்கே சின்னக் கண்ணாடிப் பட்டைகளை ஒட்டிவைத்தோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் அது பழைய விரிசல்தான். நாளைக்கு யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பொதுச் சுவரில் மெஷின் வைத்து உடைக்கக் கூடாது, உளியும் சுத்தியலும் மட்டும். ஒயருக்காகக் குறுக்காகக் காடி எடுக்கக் கூடாது. அவருடைய தராசு வேலை நடக்கிற காலை நேரத்தில் அந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டோடு இவ்வளவு வருடப் பழக்கம், இதற்கு எதற்குப் பத்திரம் என்று என் வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். பழக்கம் கெடாமல் இருக்கத்தான் பத்திரம்.

மகன் பெங்களூரிலிருந்து தினம் ஒரு படம் அனுப்புகிறான். ஆசாரமும் சமையலறையும் ஒன்றாகி, நடுவில் சுவரே இல்லாமல், மூலையில் ஒரு செடி வைத்த படங்கள். அந்த நடுச்சுவரை எடுத்துவிட்டால் வெளிச்சம் வரும் என்பது அவன் வாதம். அது பாரம் தாங்குகிற சுவர். எடுக்க வேண்டுமென்றால் முட்டுக் கொடுத்து, இரும்பு உத்தரம் ஏற்றி, அதன் இரண்டு முனைக்கும் கீழே பாரம் இறங்கத் தூண் போட வேண்டும். பணம் இருந்தால் முடியாத காரியமில்லை. ஆனால் பொறியாளர் வேறொன்று சொன்னார். 1900 பிப்ரவரியில் கோவையில் நில அதிர்வு வந்தது. ரிக்டரில் ஏறத்தாழ 6 என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். 2002-இல் திருத்திய நில அதிர்வு வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. கம்பி இல்லாத செங்கல் சுவர் வீட்டில் குறுக்குச் சுவர்கள்தான் நீளச் சுவர்களைப் பிடித்து நிறுத்துகின்றன. எண்பது அடி நீளச் சுவருக்கு நடுவில் இருக்கிற பிடியை எடுத்துவிட்டுச் செடி வைப்பதா? எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் வாசலை அகலப்படுத்துகிறோம். பின்கட்டின் புதுக் கூரைக்குக் கீழே நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓட்டுகிறோம். மகன் வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை அனுப்பினான்.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மரச்சட்டத்து ஒயர்களில் எர்த் கிடையாது, பீங்கான் ப்யூஸ். எல்லாம் கழற்றிவிட்டு விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர், பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கும் கீசருக்கும் நாலு. மூன்று பேஸ் இணைப்பு, புதிதாக எர்த் குழி, கசிவு வந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச். எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்த சுவிட்ச் என்பதை இப்போதே சாக்பீஸால் சுவரில் வரைந்துவிட்டேன். அத்தைக்கு எட்டுகிற உயரம் எது என்று அவரையே நிற்கவைத்துக் கோடு போட்டோம்.

தண்ணீர் விஷயத்தில்தான் மண்டை காய்ந்தது. நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய், இரண்டுக்கும் தனித் தொட்டி, இது வழக்கம். சிக்கல் சாக்கடையில். அத்தைக்கு முழங்கால் வலி. பொடக்காலிக் கழிவறைக்கு இரவில் நடக்க முடியாது. அவர் அறையை ஒட்டிக் கழிவறை வேண்டும். பாதாள சாக்கடை இணைப்பு முன்னால் தெருவில். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம் வேண்டும் என்பது கணக்கு. அத்தை அறை நடுவில். அங்கிருந்து தெருவுக்கு நாற்பது அடி. அந்த ஓர் அடியை எங்கிருந்து எடுப்பது? தெருவில் தார் மேல் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறி வந்த எங்கள் வாசல் இப்போது ஒரு படியில் நிற்கிறது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி, தெருவின் ஆள்துளை மூடியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, பொறியாளரும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அளந்தார்கள். ஆள்துளைக்குள் குழாய் இருக்கிற ஆழத்தையும் கழித்துப் பார்த்ததில், கழிவறையை அத்தை அறையின் கிழக்கு மூலைக்குக் கொண்டுவந்து, அந்தக் கழிவறைத் தரையை மட்டும் நாலு அங்குலம் உயர்த்தினால் சரியாக வருகிறது. நாலு அங்குலம் அத்தைக்குத் தடுக்கும். படியாக வைக்காமல் சாய்தளமாக வைத்து, பக்கத்தில் பிடிக்கக் கம்பி. இந்த ஒன்றை முதலில் தீர்க்காமல் தரைக்கு டைல்ஸ் நிறம் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய வீடு இடித்து எடுத்துக்கொள்கிற வியாபாரி ஒருவர், எப்படிச் செய்தி போயிற்றோ, தானாகவே வந்தார். மரத்தை எடுத்துக்கொண்டு இடிப்பதை இலவசமாகச் செய்து தருவாராம். இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் பேனாவைத் திறந்துவிடுவேன். பன்னிரண்டு அடி நீளம், எட்டு அங்குல உயரம், ஆறு அங்குல அகலம் உள்ள ஓர் உத்தரம் நாலு கன அடி. ஆனைமலைத் தேக்கு என்று பேர் வைத்து விற்கிற மரம் இன்று கன அடி எத்தனை ஆயிரம் என்று மரக்கடையில் விசாரித்துவிட்டு வந்து, அவரிடம் எங்கள் உத்தரங்களையும் நிலைகளையும் எண்ணிக் காட்டினேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். கழற்றுகிற மரத்துக்கெல்லாம் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டுகிறோம். உளுத்த முனைகளை அறுத்துவிட்டால் மீதி, புது அலமாரிக்கும் ஜன்னலுக்கும் ஆகும்.

இடிபாட்டை எங்கே கொட்டுவது என்பதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். சுவராக நூறு கன அடி இருப்பது உடைந்தால் குவியலாக ஏறத்தாழ நூற்றைம்பது. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் போட்டுப் பார்த்தேன். எங்கள் சந்தில் லாரி நுழையாது. சின்ன நாலு சக்கர வண்டிதான், அதுவும் ராஜவீதிக் கடைகள் திறப்பதற்கு முன்னால். ஒப்பந்தக்காரர் ஒருவர், "கவலைப்படாதீர்கள், குளத்து ஓரமாகத் தட்டிவிடுவோம்" என்றார். நொய்யல் தண்ணீர் வந்து நிற்கிற குளங்களை ஊரே சேர்ந்து தூர்த்தது போதாதா? கட்டிட இடிபாட்டுக்கென்று 2016-இலேயே விதிகள் வந்துவிட்டன. தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் கொட்டக் கூடாது. நல்ல செங்கல்லைச் சுத்தம் செய்து அடுக்குவது, ஜல்லியையும் சுண்ணாம்பு மண்ணையும் உள்தரை உயர்த்துவதற்கே பயன்படுத்துவது, மீதியை மாநகராட்சி சொல்கிற இடத்துக்கு அனுப்புவது என்று பிரித்து எழுதி, வண்டிக்கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்தாயிற்று.

அதே ஒப்பந்தக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு யோசனையும் சொன்னார்: "இதிலேயே எல்லாவற்றையும் போட்டு மூடிவிடலாம். வண்டியே வேண்டாம். மேலே வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும்." அன்றைக்கு அத்தை அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுவதைவிடச் சுலபமான வழி எங்களுக்கு வேறில்லை. வேலை நடக்கிற வரைக்கும் கிணற்றுக்கு இரும்பு வலை மூடி செய்து பூட்டுப் போட்டாயிற்று. சித்தாள்களின் குழந்தைகள் வருவார்கள்.

பொடக்காலிக் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும் என்று தனிக் கூலி பேசியிருக்கிறோம். ஜன்னல் கம்பிகளில் தலைமுறை தலைமுறையாக அடித்த பெயிண்டும் அப்படித்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசியில் ஈயம். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகத்தில் கவசம் வேண்டும்.

அட்டாலியை, அதாவது பரணில் இருப்பதை, இறக்குவது வீட்டு மனிதர்களைப் பற்றிய வேலை. பொறியாளர் உதவ முடியாது. பித்தளை அண்டா, வள்ளம், படி, கால் உடைந்த தொட்டில், மாமனார் சைக்கிளின் டைனமோ, எதற்கு மூடி என்று தெரியாத மூடிகள். அத்தை ஒரு விதி போட்டார்: பித்தளையும் வெண்கலமும் வரும், எவர்சில்வரில் பேர் வெட்டியது வரும், பிளாஸ்டிக் போகும். டைனமோ எந்த விதியிலும் வரவில்லை. வீட்டுக்காரர் அதை அலுவலகப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்காததுபோல இருந்தோம். வாடகைக்குச் சுக்கிரவார்பேட்டையில் கீழ்த்தளமாக ஒன்று கிடைத்திருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம். ஆட்டுக்கல்லை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று அத்தையைச் சம்மதிக்கவைத்தேன். அம்மிக்கு முடியவில்லை.

நாள் குறிப்பதற்குப் பஞ்சாங்கம் மட்டும் போதாது. மார்கழியில் ஆரம்பிக்கமாட்டோம். தையில் பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிய பிறகு பிரிப்பு வேலை. மாசியில் கோனியம்மன் தேர். ராஜவீதியில் தேர் ஓடுகிற நாட்களில் இடிபாட்டு வண்டியை நினைக்கவே முடியாது. அதற்குள் குப்பையெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பின்கட்டுக் கூரை. வைகாசிக்குள் வெளி வேலை முடிந்தால்தான், ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் புகும்போது நாங்கள் உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்க முடியும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் வேகமாகக் காய்கிற வெயில் ஆகாது. நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும் என்று திருப்பணிக் கொத்தனார் இப்போதே சாக்கு சேகரிக்கச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒப்பந்தம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டில் அந்தக் கணக்கு யாராவது ஒருவரைக் கட்டாயம் ஏமாற்றும். நாங்கள் இனம் இனமாகப் பேசியிருக்கிறோம்: பூச்சு உரிப்பது சதுர அடிக்கு, சுவர் பிரிப்பது கன அடிக்கு, குழாய் நீள அடிக்கு. அளந்து, புத்தகத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம். மதிப்பீட்டுக்கு மேலே இருபது சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தேன். வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. சுவரைத் திறந்த பிறகு தெரியவரும் சேதத்துக்கும் இப்போதே விலை பேசிக்கொண்டிருக்கிறோம். உளுத்துப்போன கட்டை முனை ஒன்றை வெட்டி, புது மரம் சேர்த்து, இரும்புப் பட்டை போட இவ்வளவு என்று ஒரு தொகை. அதில் ஒப்பந்தக்காரருக்கும் எனக்கும் முனைக்கு இருநூறு ரூபாய் இன்னும் இடிக்கிறது. தை பிறப்பதற்குள் அவர் இறங்கி வருவார். இல்லாவிட்டால் அத்தை என்னை இறங்கச் சொல்வார்.